படகு இழுத்த பாதை: பக்கிங்காம் கால்வாய்க் கரையும் பிரான்சின் மிதிவண்டி வழிகளும்

சென்னை மயிலாப்பூரில் லஸ் முனைக்கு அருகே பறக்கும் ரயிலின் திருமயிலை நிலையம் உள்ளது. அதன் தூண்களுக்குக் கீழே கறுத்து ஓடுவது பக்கிங்காம் கால்வாயின் நடுப்பகுதி. ஒரு காலத்தில் இந்தக் கால்வாயின் கரையை ஒட்டி மண்பாதை ஒன்று சென்றது. சுமைப் படகைக் கயிற்றால் கட்டி, ஆட்கள் கரைமேல் நடந்து இழுத்துச் செல்வதற்கான பாதை அது. வண்டிக்கும் மாட்டுக்கும் அங்கே வேலை இல்லை. இதே காலத்தில் இதே தேவைக்காக வெட்டப்பட்ட கால்வாய்க் கரைகள் பிரான்சின் நாட்டுப்புறத்தில் இன்று மோட்டார் வண்டி நுழையாத சரளைக்கல் மிதிவண்டி வழிகளாக இருக்கின்றன. ஒரே வகைப் பாதை இரண்டு நாடுகளில் இரண்டு விதமாக முடிந்தது. இரண்டு இடங்களிலும் அந்தப் பாதையின் விதியை முடிவு செய்தது, படகு நின்றபின் கரை யாருடையது, அதை எதற்கான இடமாகக் கருதினார்கள் என்பதுதான்.

கால்வாய் வந்த வரலாறு

சென்னைக்கு நெடுங்காலம் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, அலைகளுக்கு நடுவே மசூலாப் படகுகள் சரக்கைக் கரை சேர்த்தன. கடற்கரையோரமாகச் சிறு கலங்களில் சரக்கு கொண்டுவருவதும் ஆபத்தான வேலை. கரைக்கு இணையாக, உள்ளே பாதுகாப்பாக ஒரு நீர்வழி இருந்தால் வடக்கிலிருந்து விறகும் நெல்லும் உப்பும் தடையின்றி வரும் என்ற எண்ணம் அப்படித்தான் பிறந்தது. 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டினார். அது காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர் பழவேற்காடு வரை நீட்டப்பட்டது. 1837-இல் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வடக்கே கிருஷ்ணா ஆற்றுப் பக்கமாகவும் தெற்கே மரக்காணம் பக்கமாகவும் படிப்படியாக வளர்த்தது.

கூவத்துக்கு வடக்கே ஒரு கால்வாய், அடையாற்றுக்குத் தெற்கே ஒரு கால்வாய் என்று இருந்த நிலையில் நடுவில் சுமார் 8 கி.மீ. இணைப்பு இல்லாமல் கிடந்தது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாகச் செல்லும் இந்தத் துண்டு 1877-78-இல் வெட்டப்பட்டது. அந்த ஆண்டுகளைத் தமிழ்நாடு தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கிறது. மழை பொய்த்து, தானிய விலை ஏறி, உள்மாவட்டங்களிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்கு நடந்து வந்தனர். அவர்களுக்குப் பஞ்ச நிவாரண வேலையாகத் தரப்பட்டது இந்தக் கால்வாய் வெட்டு. 30 லட்சம் ஆள்-நாள் வேலையும் 22 லட்சம் ரூபாயும் ஆனதாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878-இல் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது.

கோமகனின் பெயர் நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர் ஒன்றும் இல்லை. அவர்கள் பெற்ற கூலி பற்றி மட்டும் நிறையப் பதிவுகள் உள்ளன, காரணம் அது அன்றே பெரிய சர்ச்சை. 1877-இன் தொடக்கத்தில் இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த உணவில் ஒருவர் மண் வெட்ட முடியாது, உடம்பு கரைந்துவிடும் என்று வாதாடினார். சில மாதங்களுக்குப் பின் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. மயிலாப்பூர்க் கால்வாயைப் பற்றிப் பேசும்போது அதன் நாற்றத்தை மட்டும் பேசுவது நம் வழக்கம். அது பசியால் வெட்டப்பட்ட பள்ளம் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

கயிறு, கழி, பாய்

முழுமையடைந்த பக்கிங்காம் கால்வாய் ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீளம் கொண்டது. இதில் சுமார் 163 கி.மீ. இன்றைய தமிழ்நாட்டில் உள்ளது. அடியில் தட்டையான படகுகள் ஓடின. காற்று ஒத்துழைத்தால் பாய் விரிப்பார்கள்; இல்லையென்றால் ஒருவர் படகில் நின்று கழி ஊன்றித் தள்ள, மற்றவர்கள் தோளில் கயிற்றை மாட்டிக் கரையில் நடப்பார்கள். ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் விறகு, மரக்காணம், கோவளம் பகுதிகளின் உப்பு, நெல், சுண்ணாம்புக்குச் சிப்பி, காய்கறி எல்லாம் இப்படித்தான் நகருக்குள் வந்தன. லஸ் பக்கத்தில் தண்ணீர்த்துறை மார்க்கெட் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. சேப்பாக்கத்தில் லாக் நகர் என்ற பெயரில் உள்ள 'லாக்', நீர்மட்டத்தைச் சமன் செய்து படகை ஏற்றி இறக்கும் அடைப்பைக் குறிக்கும். கால்வாயின் தொழில் வரலாற்றை ஏ. எஸ். ரஸல் என்ற பொறியாளர் 1898-லேயே தனி நூலாக எழுதிவிட்டார்.

ஆட்களும் இதில் பயணம் செய்தனர். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போக நல்ல சாலை இல்லாத காலத்தில், மாலையில் அடையாற்றுப் பக்கம் படகேறி இரவெல்லாம் பயணம் செய்து காலையில் இறங்குவதுதான் வழக்கமான வழி. 1934 செப்டம்பரில் பாரதிதாசன், குத்தூசி குருசாமி, ப. ஜீவானந்தம், மயிலாப்பூர்க்காரரான ஆய்வாளர் மயிலை சீனி. வேங்கடசாமி உள்ளிட்ட நண்பர்கள் இந்தக் கால்வாயில் தோணியேறி மாமல்லபுரம் சென்றனர். பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' என்ற பாடல் அந்தப் பயணத்தில் பிறந்தது. இன்று நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் நீர்வழி, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கவிஞர்கள் உல்லாசமாகச் சென்ற வழி.

ரயில் வந்தபோதே கால்வாயின் வணிகம் தேயத் தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையையும் விஜயவாடாவையும் கடற்கரையோர ரயில் பாதை இணைத்தது. அதன்பின் லாரி வந்தது. விறகும் உப்பும் மட்டும் கொஞ்ச காலம் படகில் வந்தன. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் அடைப்புகளையும் கரைகளையும் சேதப்படுத்தின. பழுது பார்க்க யாரும் அவசரப்படவில்லை. கழிவுநீர் அதற்கு முன்பே கலந்துவிட்டிருந்தது.

பிரான்சில் நடந்தது

பிரெஞ்சுக் கால்வாய்களும் இதே கதையின் முதல் பாதியைக் கொண்டவை. தென்மேற்கில் துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் நோக்கிச் செல்லும் 240 கி.மீ. நீளக் கால்வாயை ('கனால் து மிதி') பியேர்-போல் ரிக்கே என்ற உப்பு வரி வசூலிப்பாளர் தொடங்கி வைத்தார். அது 1681-இல் திறக்கப்பட்டது. ஸ்பெயினைச் சுற்றிக் கடலில் போகாமல் உள்நாட்டு வழியாகச் சரக்குச் செல்வதே நோக்கம். பிரித்தானிப் பகுதியில் நாந்த் நகரையும் பிரெஸ்த் துறைமுகத்தையும் இணைக்கும் 360 கி.மீ.க்கு மேற்பட்ட கால்வாய் நெப்போலியன் ஆணையில் 1811-இல் தொடங்கியது. ஆங்கிலக் கடற்படை கடல்வழியை முற்றுகையிட்டிருந்ததால் உள்வழி தேவைப்பட்டது. அதாவது, காக்ரேன் இங்கே வெட்டிய சில ஆண்டுகளுக்குள் ஆங்கிலேயருக்குப் பயந்து அங்கே வெட்டினார்கள்! அங்கும் மண் சுமந்தவர்கள் விருப்பத்தோடு வந்தவர்கள் மட்டும் இல்லை. குளோமெல் என்ற ஊரில் மேட்டை அறுத்துப் பெரும் பள்ளம் தோண்ட, 1823 முதல் 1832 வரை பிரெஸ்த் சிறையின் கைதிகள் பயன்படுத்தப்பட்டனர். சென்னையில் பஞ்சத்தில் அடிபட்டவர்கள், பிரித்தானியில் விலங்கிட்டவர்கள். இன்றைய மிதிவண்டிப் பயணிகளுக்கான கையேடுகளில் குளோமெல் பள்ளம் அழகான நிழல்பாதையாக வருகிறது.

படகை அங்கே குதிரைகளும் மனிதரும் இழுத்தனர். இழுக்கும் பாதைக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு மிகப் பழையது. பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் காலத்து 1669-ஆம் ஆண்டு ஆணை, படகு செல்லும் ஆறுகளின் கரையில் நிலம் வைத்திருப்போர் 24 அடி அகலத்தைக் குதிரைக்காக விட வேண்டும் என்றது. அங்கே மரம் நடவோ வேலி போடவோ கூடாது. அந்த 24 அடி இன்றைய சட்டத்தில் 7.80 மீட்டராக இன்னும் இருக்கிறது. கால்வாய்களைப் பொறுத்தவரை கரையே பொதுச் சொத்து. குதிரை போய் மோட்டார்ப் படகு வந்து, பிறகு சரக்குப் படகே நின்றுபோன பின்னும் அந்தக் கீற்று நிலம் துண்டு துண்டாகப் பிரிந்து போகவில்லை. நாந்த்–பிரெஸ்த் கால்வாயின் நடுவே கெர்லெதான் அணை 1930-இல் எழுந்து நீர்வழியை அறுத்தது. 1957-இல் மேற்குப் பகுதி போக்குவரத்து நீர்வழிப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. கால்வாய் என்ற முறையில் அது இறந்துவிட்டது எனலாம். ஆனால் கரைப் பாதை அப்படியே கிடந்தது. மீன்பிடிப்பவர்களும் மாடு மேய்ப்பவர்களும் நடந்தார்கள்.

மிதிவண்டிக்கென்று இத்தகைய வழிகளை ஒழுங்கு செய்யும் எண்ணம் 1990-களில்தான் வலுப்பெற்றது. பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே கைவிடப்பட்ட ரயில்பாதை, தண்டவாளம் அகற்றப்பட்டு, 1997-இல் 'வுவா வேர்த்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. 'பசுமை வழி' என்பது பொருள். அந்த வகையில் பிரான்சில் முதலாவது என்று இதைக் கருதுகிறார்கள். 2004-இல் பசுமை வழி என்ற வகையே அந்நாட்டுச் சாலை விதிகளில் சேர்க்கப்பட்டது: மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் குதிரை ஏறுபவர்களுக்கும் மட்டும். நாந்த்–பிரெஸ்த் கரை இன்று ஏறக்குறைய முழு நீளமும் இப்படிப்பட்ட வழி. பெரும்பகுதி தார் போடாத, அழுத்திச் சமன்செய்த சரளையும் மணலும். மழை நீர் உள்ளே இறங்கும், மரத்தின் வேர் மூச்சுவிடும், செலவும் குறைவு. அகன்ற டயர் உள்ள வண்டிக்கு அது போதும். வழியெங்கும் அடைப்புக் காவலர் வீடுகள் தேநீர்க் கடையாகவோ தங்கும் விடுதியாகவோ மாறியுள்ளன. தெற்கே ரிக்கேயின் கால்வாயில் நிலைமை இவ்வளவு சீராக இல்லை. துலூஸை விட்டு ஐம்பது கிலோமீட்டர் வரை தார்ப்பாதை. அதன்பின் பல இடங்களில் வேர் முடிச்சுகளும் சேறும்தான். கரையின் புகழ்பெற்ற பிளேன் மரங்களும் பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டுவிட்டன.

1997-இல் மயிலாப்பூர்

பர்கண்டியில் ரயில்பாதை மிதிவண்டிப் பாதையான அதே 1997-இல், அக்டோபர் மாதம், மயிலாப்பூரில் படகுக் கரை ரயில்பாதையானது. பறக்கும் ரயில் 1995 நவம்பரில் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997-இல் திருமயிலை வரையும் ஓடத் தொடங்கியது. அடுத்த கட்டம் மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை கடந்து, அடையாற்றைத் தாண்டி, கோட்டூர்புரம், கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர் வழியாகத் தென்கால்வாயைத் தொடர்ந்து 2004-இல் திருவான்மியூரையும், 2007-இல் வேளச்சேரியையும் அடைந்தது. தடத்தின் பெரும்பகுதி கால்வாயின் மேலும் கரையின் மேலும்தான் போகிறது. சில நிலையங்களின் தூண்கள் நீரிலேயே நிற்கின்றன.

ஏன் கால்வாய்? நெருக்கமான நகரில் வீடுகளை இடித்து நிலம் எடுப்பது கடினம், செலவு அதிகம். கால்வாய் ஏற்கெனவே அரசு நிலம். படகு ஓடாததால் அது 'சும்மா கிடக்கும்' நிலமாகக் கணக்கில் வந்தது. பிரான்சில் கரையைக் காப்பாற்றிய அதே காரணம், அதாவது பொதுச் சொத்தாக இருந்தது, இங்கே அது போய்விடக் காரணமாயிற்று.

சென்னைக்கு இது புதிதும் அல்ல. மாம்பலம் முதல் வடக்கே நுங்கம்பாக்கம் நோக்கி நீண்டிருந்த நெடிய ஏரி 1920-களில் குடியிருப்புத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டு வடிக்கப்பட்டது. அந்த ஏரிப் படுகையின் மேல் எழுந்ததுதான் தியாகராய நகர். மேற்கு மாம்பலத்தில் ஏரி இல்லாத லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. அந்தப் பகுதியின் பாண்டி பஜார் சாலையில் 2019-இல் அகலமான நடைபாதை வளாகம் அமைத்து, காருக்கான இடத்தைக் குறைத்து நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன் 2014-இல் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கை ஒன்றை மாநகராட்சி ஏற்றிருந்தது. நல்ல முயற்சிகள்தான். என்றாலும் சாலையின் ஓரத்திலிருந்து இடத்தைப் பிய்த்து எடுப்பதற்கும், சாலையே அல்லாத ஒரு பாதையைக் காப்பதற்கும் வேறுபாடு உண்டு. மயிலாப்பூரில் சேப்பாக்கம் முதல் அடையாறு வரை, ஒரு சிக்னல்கூட இல்லாமல், பாலங்களுக்கு அடியில் புகுந்து போகும் ஏழு கிலோமீட்டர் கரை இருந்தது. அப்படி ஒன்றை இனி எவ்வளவு பணம் கொடுத்தும் உண்டாக்க முடியாது.

கரை 'சும்மா' கிடக்கவும் இல்லை. படகு நின்றபின் அங்கே ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்ந்தன. ரயிலுக்காகவும், பின்னர் நீர்வழிச் சீரமைப்பு என்ற பெயரிலும் சென்னையின் ஆறு, கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். செம்மஞ்சேரியிலிருந்து மயிலாப்பூர் ஏறத்தாழ 20 கி.மீ. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் நடந்தோ மிதிவண்டியிலோ வந்துகொண்டிருந்தவர்கள் பேருந்தை நம்ப வேண்டியதாயிற்று. சென்னையில் மிதிவண்டி வழி பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதிகாலை உடற்பயிற்சிக்காரர்களை நினைத்துப் பேசுகிறார்கள். கரையை இழந்ததில் பெரிய நட்டம் இவர்களுக்கு அல்ல.

பறக்கும் ரயிலே வேண்டாம் என்று வாதிடுவது எளிது, ஆனால் நியாயமாகாது. திருவான்மியூரிலிருந்து கடற்கரை நிலையத்துக்குக் குறைந்த கட்டணத்தில் போக அது உதவுகிறது. பிரான்சிலும் நகரங்களுக்குள் கால்வாய்கள் தப்பவில்லை. நாந்த் நகரில் லுவார் ஆற்றின் கிளைகளையே 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தூர்த்துச் சாலை போட்டார்கள். துலூஸுக்குள் ரிக்கேயின் கால்வாய் இருபுறமும் வாகன நெரிசலுக்கு நடுவேதான் போகிறது. நாம் படங்களில் பார்த்து ஏங்கும் சரளைப் பாதைகள் எல்லாம் கிராமப்புறத்தவை. எனவே மயிலாப்பூரைப் பிரித்தானியின் கிராமங்களோடு ஒப்பிடுவதைவிட, நகரைத் தாண்டிய தென்கால்வாயை ஒப்பிடுவதே பொருத்தம்.

தெற்கே மிச்சம் இருப்பது

அடையாற்றிலிருந்து மரக்காணம் வரை தென்கால்வாய் சுமார் 108 கி.மீ. திருவான்மியூருக்குத் தெற்கே அது கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் நடுவே, இரண்டிலிருந்தும் கொஞ்சம் தள்ளி, முட்டுக்காடு கழிமுகத்தைக் கடந்து செல்கிறது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது கடலோரத்தின் பல இடங்களில் இந்தக் கால்வாய் பொங்கி வந்த நீரை வாங்கி, பின் வடிய விட்டது. 2008-இல் காக்கிநாடா–புதுச்சேரி நீர்வழியின் பகுதியாக, தேசிய நீர்வழி எண் 4 என்று இது அறிவிக்கப்பட்டது. கோதாவரி, கிருஷ்ணா பகுதிகளையும் சேர்த்து மொத்தம் 1,095 கி.மீ. சென்னைக்குள் ரயில் தூண்கள் நிற்கும் நீரில் படகு எப்படிப் போகும் என்பது அறிவிப்பு வந்த நாளிலேயே எழுந்த கேள்வி.

வார இறுதிகளில் விடியுமுன் அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கமிருந்து மிதிவண்டிகள் கூட்டமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போவதைக் காணலாம். ஏழு மணிக்குள் திரும்பிவிடப் பார்க்கிறார்கள். அதற்குமேல் கார்களும் பேருந்துகளும் வேகமெடுத்துவிடும். பாரதிதாசனும் நண்பர்களும் சென்ற அதே திசை, அதே ஊர். அவர்கள் போன கரை இவர்களுக்கு வலப்புறம், வீடுகளுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் பின்னால், ஒன்றிரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் கூடவே வருகிறது. சில இடங்களில் கரை மண்மேடாக உள்ளது, சில இடங்களில் முள் மண்டிக் கிடக்கிறது, சில இடங்களில் மதில் சுவர் நீர்வரை வந்துவிட்டது. கால்வாய் முடியும் மரக்காணத்திலிருந்து, 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி சுமார் 35 கி.மீ. தூரம்தான்.

மயிலாப்பூரில் இப்போது திருமயிலையின் தரைக்குக் கீழே மெட்ரோ ரயிலின் இரண்டு தடங்கள் சந்திக்கும் நிலையத்துக்காகப் பள்ளம் தோண்டப்படுகிறது. மேலே பறக்கும் ரயில், நடுவில் கால்வாய், கீழே மெட்ரோ. கரையில் கயிறு இழுத்தவர்கள் நடந்த இடத்தில் தகரத் தடுப்பு நிற்கிறது.